லினக்ஸ் வைஃபை டிரைவர்ல தேவையில்லாம கிடந்த ஒர்க்கரவுண்ட (சிப் கோளாற சமாளிக்க போட்ட கோட்) தூக்கினது

லேப்டாப் சும்மா இருக்கும்போதே பேட்டரி இறங்குது, வைஃபை மாட்யூல அன்லோட் பண்ணா சரியாயிடுது. பிசிஐ டிவைஸ்கள பட்டியல் போடுற எல்எஸ்பிசிஐ கமாண்டுல மைனஸ் வி வி போட்டு லிங்க் கன்ட்ரோல் வரிய பாத்தா மத்த டிவைஸ்லாம் ஏஎஸ்பிஎம் (சும்மா இருக்கும்போது லிங்க்க தூங்க வைக்கிற வசதி) எனேபிள்டு, வைஃபை கார்டு மட்டும் டிசேபிள்டு. டிவைஸ கண்டுபிடிச்சதும் ஓடுற டிரைவரோட ப்ரோப் ஃபங்ஷன்லயே எல்1 ஸ்டேட்ட, அதாவது லிங்க்கோட தூக்க நிலைய, ஆஃப் பண்ற வரி இருந்துச்சு, அதனால பிசிஐ லிங்க் தூங்கவே தூங்காது.

ஏன் போட்டாங்கன்னு தெரியாம இந்த மாதிரி வரில கை வைக்கவே கூடாதுங்க. ஒரு வரிய கடைசியா மாத்தினது யாருன்னு சொல்ற கிட் ப்ளேம், ஸ்பேஸ் சரி பண்ண கமிட்டத்தான் காட்டும், கிட் லாக்ல மைனஸ் பெரிய எஸ் போட்டு அந்த ஃபங்ஷன் பேர தேடினாத்தான் மொதல்ல சேத்த கமிட் வரும், அதுல தெளிவா எழுதியிருந்தாங்க, மொத ரிவிஷன் சிப் எல்1-ல இருந்து எழும்போது தொங்கிடுதுன்னு. ஆனா அந்த ரிவிஷனுக்கான சப்போர்ட்டயே பின்னாடி எடுத்துட்டாங்க, ப்ரோப்ல ரிவிஷன் ரிஜிஸ்டர படிச்சு பழைய சிப்னா எரர் குடுத்து வெளிய வந்துடுது. அப்போ இந்த வரி யாரக் காப்பாத்துது?

வரிய எடுத்தேன், அதுக்குன்னே இருந்த ஃப்ளாக், ஹெல்பர் ஃபங்ஷன தனி பேட்ச்ல எடுத்தேன், ஏன்னா மொத பேட்ச் சின்னதா இருந்தா மாத்தம் என்னன்னு தெளிவா தெரியும், பிரச்சனை வந்தா ரெண்டாவதுல இருந்து வரிசையா ரிவர்ட் பண்ணலாம். சஸ்பெண்ட் ரெஸ்யூம், ரொம்ப நேரம் ஐடில்ல விட்டு பிங், ஃபுல் டிராஃபிக் எல்லாம் ஓட்டி கர்னல் லாக காட்டுற டிமெசேஜ்ல ஏஇஆர் எரர் (பிசிஐ லிங்க் கோளாறு பத்தின அறிக்கை) வருதான்னு பாத்தேன், ஒன்னும் வரல. கமிட் மெசேஜ்ல பழைய கமிட்டோட ஹாஷ், காரணம் ரெண்டையும் எழுதிட்டேன். இப்போ லிங்க் எல்1-க்கு போகுது, பேட்டரியும் நிக்குது.