எபிசோடு ஏமாற்றினால் கருத்தை எழுதுவது எப்படி?

பார்த்து முடித்த சூட்டோடு எழுத உட்காராமல், எந்தக் காட்சியில் மனம் விலகியது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ‘மொத்தமும் சொதப்பல்’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. பல எபிசோடுகளாக அண்ணனை நம்ப மறுத்த தங்கை, இடையில் எதுவுமே நடக்காத நிலையில், ஒரே வசனத்தில் மனம் மாறிவிடுகிறாள் என்று எழுதினால், குறை திரைக்கதையில் இருப்பது படிப்பவருக்கு உடனே புலப்படும். நடிப்பு, வசனம், படத்தொகுப்பு ஆகியவற்றில் எது சறுக்கியது என்று பிரித்துப் பார்ப்பதும் அவசியம், ஏனெனில் எழுத்தில் நேர்ந்த தவறுக்கும் பெரும்பாலும் திட்டு வாங்குவது நடிகர்தான். நாம் ஆசைப்பட்டது நடக்கவில்லை என்றால் அது வருத்தம். அதையும் தாராளமாக எழுதலாம், வருத்தம் என்றே சொல்லி.

திருப்பத்தை முதல் வரியிலேயே உடைத்துவிடாதீர்கள்.

மீண்டும் எடுக்கச் சொல்லிக் கேட்பதில் பெரிய பயன் இல்லை: 2019இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கடைசி சீசனை மாற்றி எடுக்கக் கோரி 10 லட்சத்துக்கும் அதிகமானோர் இணையத்தில் கையெழுத்திட்டும் அது நடக்கவில்லை. ஒளிபரப்பாகும்போதே படப்பிடிப்பும் தொடரும் தினசரித் தொடர்களில், தெளிவாகச் சொன்ன குறை இனி எழுதப்படும் காட்சிகளை எட்டுவதற்குச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு உண்டு.