பிக் பேங் பத்தி பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருவெடிப்புன்னு தமிழ்ல பேர் வச்சதுலயே பாதி குழப்பம் ஆரம்பிச்சிடுது. வெடிப்புன்னு காதுல விழுந்த உடனே இருட்டா ஒரு வெற்றிடம், நடுவுல ஒரு புள்ளி, அது டமார்னு வெடிச்சு எல்லா பக்கமும் சிதறுதுன்னு மனசுல ஒரு படம் ஓடும். இங்கிலீஷ் பேரும் அப்படித்தான், 1949ல பிபிசி ரேடியோல ஃப்ரெட் ஹாய்ல்ங்கிற வானியலாளர் சொன்ன வார்த்தை அது, அவரே இந்த தியரிய ஏத்துக்காதவர்! முதல்ல அந்தப் படத்த அழிச்சிடுங்க. தியரி சொல்றது, சுமார் 1380 கோடி வருஷம் முன்னாடி பிரபஞ்சம் பயங்கர சூடா, பயங்கர அடர்த்தியா இருந்துச்சு, அப்போலருந்து இடமே விரிஞ்சுக்கிட்டு வருதுங்கிறதுதான்.

அதனால "எந்த இடத்துல வெடிச்சது?"ங்கிற கேள்வியே தப்பு. எல்லா இடத்துலயும்தான் நடந்துச்சு, நீங்க இப்ப உக்காந்திருக்கிற இடமும் சேத்து. பிரபஞ்சம் விரியிறத ஊதுற பலூனோட ஒப்பிடுவாங்க, அந்த உதாரணத்த கேட்டுட்டு பலூனுக்கு நடுவுல மையம் இருக்கேன்னு நிறைய பேர் மாட்டிக்குவாங்க, அதுல மேல்தோல் மட்டும்தான் பிரபஞ்சம், உள்ள இருக்கிற காத்து கணக்குல வராது. எனக்கு பிடிச்சது ரப்பர் பேண்ட். அத வெட்டி நீளமா வச்சு, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வச்சு இழுத்துப் பாருங்க. எந்தப் புள்ளில நின்னு பாத்தாலும் மத்ததெல்லாம் விலகிப் போகும், ரெண்டு மடங்கு தூரத்துல இருக்கிறது ரெண்டு மடங்கு வேகமா போகும். லெமைத்ர்ங்கிற விஞ்ஞானி 1927ல கணக்குல கண்டதும், 1929ல ஹபிள்ங்கிற வானியலாளர் கேலக்ஸிகள, அதாவது பெரிய பெரிய நட்சத்திரக் கூட்டங்கள, அளந்து காட்டினதும் இதுதான்.

அதுக்காக நம்ம உடம்பும் பூமியும்கூட விரியுதுன்னு நினைக்காதீங்க. ஈர்ப்பு விசையோ, அணுக்கள ஒட்ட வைக்கிற மின்விசையோ இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கிற எதுவும் விரியாது, பக்கத்துல இருக்கிற ஆண்ட்ரோமிடா கேலக்ஸி நம்ம பக்கமா வந்துக்கிட்டே இருக்கு.

இன்னொன்னு, வயசு 1380 கோடி வருஷம்னா நமக்கு தெரியிற எல்லையும் 1380 கோடி ஒளியாண்டுதானேன்னு (ஒளியாண்டுன்னா வெளிச்சம் ஒரு வருஷத்துல போற தூரம்) கணக்கு போடுறது. வெளிச்சம் வந்துக்கிட்டு இருக்கும்போதே இடமும் விரிஞ்சதால, இப்ப அந்த எல்லை ஒவ்வொரு பக்கமும் சுமார் 4600 கோடி ஒளியாண்டு.

"அது வெறும் தியரிதானே"ன்னு சொல்றதக் கேட்டா மட்டும் எனக்கு மனசு தாங்காது. 1964ல பென்சியாஸ், வில்சன்னு ரெண்டு பேர் ஒரு ரேடியோ ஆன்டெனால விடாம ஒரு இரைச்சல் வருதேன்னு, உள்ள கூடு கட்டின புறாவோட எச்சத்தக்கூட சுத்தம் பண்ணிப் பாத்தாங்க, அப்பவும் போகல, வானத்துல எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே இரைச்சல். அதுதான் பிரபஞ்சத்துக்கு சுமார் 3,80,000 வயசா இருக்கும்போது கிளம்பின வெளிச்சம், அன்னைக்கு சுமார் 3000 கெல்வின் (மைனஸ் 273 டிகிரி செல்சியஸ பூஜ்யமா வச்சு எண்ணுற சூட்டு அளவு) சூட்டுல இருந்தது இழுபட்டு இழுபட்டு இன்னைக்கு 2.7 கெல்வின் மைக்ரோவேவா வந்து சேருது. முதல் சில நிமிஷங்கள்ல எவ்வளவு ஹீலியம் உருவாகியிருக்கணும்னு கணக்கு போட்டா எடையில கிட்டத்தட்ட கால்வாசின்னு வருது, வானத்துல அளந்தாலும் அதே அளவுதான். இவ்வளவு கையில இருக்கும்போது அத ஊகம்னு எப்படிங்க சொல்றது?

ஆனா மறுபக்கமும் ஒரு தப்பு இருக்கு, ஒன்னுமே இல்லாததுலருந்து எல்லாம் வந்துச்சுன்னு அறிவியல் நிரூபிச்சிடுச்சுன்னு அடிச்சு விடுறது. அப்படி யாரும் நிரூபிக்கல. ரொம்ப ரொம்ப ஆரம்பத்துக்குப் போனா ஈர்ப்ப விளக்குற ஐன்ஸ்டைனோட சமன்பாடுகள் வேலை செய்யாது, அணு அளவுல நடக்கிறத விளக்குற குவாண்டமும் ஈர்ப்பும் சேந்த ஒரு தியரி வேணும், அது இன்னும் முழுசா கிடைக்கல.

விரிவோட வேகத்துலயும் இப்ப ஒரு முரண்பாடு இருக்கு. அந்த பழைய மைக்ரோவேவ வச்சு கணக்கு போட்டா, ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கும் விலகுற வேகம் விநாடிக்கு சுமார் 67 கி.மீ. கூடுது, பக்கத்து கேலக்ஸிகள நேரா அளந்தா சுமார் 73. இதப் பாத்துட்டு பிக் பேங் பொய்யாயிடுச்சுன்னு யாராவது ஃபார்வர்டு பண்ணினா நம்பாதீங்க, ரெண்டு எண்ணுமே பிரபஞ்சம் விரியுதுன்னுதான் சொல்லுது.