ரேஞ்ச்ஃபைண்டரில் பிற கம்பெனி லென்ஸ்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கேமராவான லைக்கா எம் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஒன்றை எப்படியோ வாங்கிவிட்டு, அதே கம்பெனி லென்ஸின் விலையைப் பார்த்துத் தயங்கி நிற்பவர்கள் பலர். வோக்ட்லாண்டர், ஸைஸ் இசட்எம், 7ஆர்டிசன்ஸ், டிடிஆர்டிசன், பழைய சோவியத் ஜூபிட்டர் என்று அவர்களுக்கு வழி நிறையவே இருக்கிறது. நல்ல வழியும்கூட. இவற்றில் சில, லைக்கா லென்ஸ்களோடு தாராளமாகப் போட்டி போடக்கூடியவை. படம் கெடுவதற்குப் பெரும்பாலும் லென்ஸின் தரம் காரணமில்லை. எஸ்எல்ஆர், மிரர்லெஸ் பழக்கத்தோடு ரேஞ்ச்ஃபைண்டரைக் கையில் எடுப்பதுதான் காரணம்.

அந்தக் கேமராக்களில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக வரும் பிம்பம். ரேஞ்ச்ஃபைண்டரின் வ்யூஃபைண்டருக்கோ லென்ஸ் என்ன பார்க்கிறது என்று தெரியவே தெரியாது. ஃபோகஸைத் திருப்பும்போது லென்ஸின் பின்பக்கம் ஓர் உலோக வளையம் முன்னும் பின்னும் நகர்கிறது. பாடிக்குள் இருக்கும் சிறிய உருளை அந்த வளையத்தைத் தொட்டபடியே கூட நகர்கிறது. அந்த அசைவுதான் நடுவில் தெரியும் இரட்டைப் பிம்பத்தை ஒன்றாகச் சேர்க்கிறது. வளையம் தப்பான தூரத்தைச் சொன்னாலும் பிம்பம் கச்சிதமாகப் பொருந்தும். படம் மட்டும் மங்கிப்போகும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைப்பவையே.

லென்ஸ் கைக்கு வந்ததும் சோதிக்காமலேயே கல்யாணத்துக்கோ பயணத்துக்கோ எடுத்துப்போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 50 மி.மீ. எஃப் 1.1 லென்ஸின் அப்பர்ச்சரை (ஒளி புகும் துவாரம்; எஃப் எண் குறையக் குறைய அது பெரிது) முழுக்கத் திறந்து 1 மீட்டர் தூரத்தில் எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய இரண்டரை செ.மீ.தான். 0.7 மீட்டரில் அதிலும் பாதி. மேஜைமேல் ஸ்கேல் ஒன்றைச் சாய்வாக வையுங்கள். கேமராவை முக்காலியில் பொருத்தி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, ஒரே கோட்டில் ஃபோகஸ் வைத்து நாலைந்து படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் வளையத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாக ஃபோகஸ் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கையின் பிழையா லென்ஸின் பிழையா என்று பிரித்தறிய முடியாது. பிறகு 2 மீட்டரில் ஒருமுறை. கடைசியாக லென்ஸை முடிவிலி வரை திருப்பி, தொலைவில் இருக்கும் செல்போன் டவரையோ நிலவையோ பார்த்து இரண்டு பிம்பமும் ஒட்டுகின்றனவா என்று கவனியுங்கள். 2012இல் அறிவிக்கப்பட்ட எம் டைப் 240 தொடங்கி, லென்ஸ் பார்ப்பதையே பின்திரையில் காட்டும் லைவ் வ்யூ வந்துவிட்டது. அது உள்ள பாடி இருந்தால் பிழையை உடனே கண்டுபிடித்துவிடலாம். 7ஆர்டிசன்ஸ் 50 எஃப் 1.1 லென்ஸில் பின்வளையத்தை நாமே சரிசெய்துகொள்ளவும் முடியும். விலை குறைந்த லென்ஸில் இது பெரிய வசதி.

சோதனையில் பிழை தெரிந்தால் அடுத்த ஆபத்து காத்திருக்கிறது: பாடிக்குள் இருக்கும் உருளையைத் திருகிப் பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். கைவசம் உள்ள எல்லா லென்ஸும் ஒரே பக்கமாகத் தப்பினால் மட்டுமே பாடியைச் சந்தேகிக்கலாம். ஒரு லென்ஸ் மட்டும் தப்பினால் கோளாறு அந்த லென்ஸில்தான். அதற்காகப் பாடியைத் திருத்தினால், அதுவரை ஒழுங்காக இருந்த மற்ற எல்லா லென்ஸும் கெட்டுப்போகும்.

பிழையே இல்லாத லென்ஸும் ஏமாற்றும். ஸைஸ் சி சோனார் 50 எஃப் 1.5 இதற்குப் பேர்போனது. அப்பர்ச்சரை மூடமூட அதன் ஃபோகஸ் பின்னால் நகர்கிறது. எஃப் 2.8-க்குச் சரிசெய்யப்பட்ட பிரதியில் முழுக்கத் திறந்து அருகில் எடுத்தால் ஃபோகஸ் ஆளுக்கு முன்னால் விழும். இதைப் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். உங்கள் பிரதி எந்த அப்பர்ச்சரில் சரியாக விழுகிறது என்று தெரிந்துகொண்டு, மற்ற அப்பர்ச்சர்களில் உடம்பை ஓரிரு செ.மீ. முன்பின் சாய்த்து எடுத்தால் போதும். அந்த லென்ஸ் தரும் முகங்களின் மென்மைக்காக இந்தச் சிரமம் தாராளமாகப் படலாம் என்பது என் எண்ணம்.

சோவியத் லென்ஸ் வாங்குபவர்கள் இரண்டு விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் 51.6 மி.மீ. லென்ஸை அளவுகோலாக வைத்துச் செய்யப்பட்டது. ஜூபிட்டர்-3, ஜூபிட்டர்-8 போன்றவை கான்டாக்ஸ் என்ற ஜெர்மன் கேமராவின் வழிவந்த 52.4 மி.மீ. அளவில் செய்யப்பட்டவை. முடிவிலியில் சரியாக இருக்கும் லென்ஸ் 1 மீட்டரில் ஏறக்குறைய 3 செ.மீ. பின்னால் ஃபோகஸ் ஆவதாகக் கணக்கு வருகிறது. எஃப் 4-இல் இது தெரியாது, எஃப் 1.5-இல் கண்ணில் வைத்த ஃபோகஸ் கண்ணில் இருக்காது. இரண்டாவது, இந்த லென்ஸ்களைப் பாடியில் மாட்ட உதவும் 39 மி.மீ. திருகு. பழைய ஸெனிட் எஸ்எல்ஆர் லென்ஸ்களுக்கும் அதே விட்டம்தான். ஆனால் அவை ஃபிலிமிலிருந்து 45.2 மி.மீ. தள்ளி நிற்க வேண்டியவை. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸுக்கு அந்தத் தூரம் 28.8 மி.மீ. இன்டஸ்டார்-50 இரண்டு விதமாகவும் வந்திருக்கிறது. தட்டையாக, பின்னால் நகரும் வளையம் இல்லாமல் இருந்தால் அது ஸெனிட்டுக்கானது. அடாப்டரில் அழகாகத் திருகிக்கொள்ளும், எதுவும் ஃபோகஸ் ஆகாது, வ்யூஃபைண்டரும் அதைச் சொல்லாது.

திருகு லென்ஸை எம் பாடியில் பொருத்தும் 1 மி.மீ. அடாப்டரிலும், வ்யூஃபைண்டரில் எந்தக் குவியத்தூரங்களுக்கான சட்டகம் (படத்தின் எல்லைக் கோடு) வரும் என்பதைப் பொறுத்து மூன்று வகை உண்டு: 28/90, 35/135, 50/75. தப்பான வகையை வாங்கினால் ஃபோகஸ் கெடாது. வ்யூஃபைண்டரில் வேறு சட்டகம் வந்து நிற்கும், ஓரத்தில் நிற்பவரின் கை வெட்டுப்படும்.

சில புதிய வோக்ட்லாண்டர் லென்ஸ்கள் 0.7 மீட்டருக்கும் கிட்டே போகும். எம் பாடியின் ரேஞ்ச்ஃபைண்டர் 0.7-இல் நின்றுவிடும். அதைவிடக் கிட்டே போனால் நடுப்பிம்பத்தை நம்பாமல் லைவ் வ்யூவில் பாருங்கள்.

பின்கண்ணாடி துருத்தியிருக்கும் லென்ஸ்களைப் பாடியில் மாட்டுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. ஜூபிட்டர்-12-இன் பின்பகுதி குமிழ்போல உள்ளே போகும். 1971-இன் லைக்கா எம்5, 1973-இன் சிஎல் இரண்டிலும் ஒளியளக்கும் சிறு கை ஷட்டருக்கு முன்னால் வந்து நிற்கும். லென்ஸும் அந்தக் கையும் மோதினால் நஷ்டம் பெரிது. மடக்கும் லென்ஸ்களையும் இந்தப் பாடிகளில் உள்ளே தள்ளக்கூடாது.

டிஜிட்டலில் அகலக்கோண லென்ஸ் போடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை, ஓரங்களில் படியும் ஊதாச் சாயல். சென்சார்மேல் ஒளி மிகச் சாய்வாக விழுவதால் வருவது அது. 2009-இன் எம்9-இல் பழைய வோக்ட்லாண்டர் 15 மி.மீ. ஹீலியாரைப் போட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதன் மூன்றாம் பதிப்பு 2015இல் டிஜிட்டலை மனதில் வைத்தே வந்தது. மாட்டியிருப்பது எந்த லென்ஸ் என்று கேமராவுக்குச் சொல்லும் லைக்காவின் 6-பிட் குறி பிற கம்பெனி லென்ஸில் பெரும்பாலும் இருக்காது என்பதால், மெனுவில் அதே குவியத்தூரமுள்ள லைக்கா லென்ஸ் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்றை மாற்றிப் பார்த்தால் சாயல் மிகக் குறைவாக வருவது எதுவென்று தெரிந்துவிடும். அப்படியும் போகாவிட்டால், லென்ஸின் முன் வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்றைப் பிடித்து, அதே அப்பர்ச்சரில் ஒரு படம் எடுத்து வையுங்கள். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில், ஓரச் சாயலைக் கழிக்கும் ஃப்ளாட் ஃபீல்ட் திருத்தத்துக்கு அதுவே போதும். ஃபிலிமில் இந்தச் சாயல் வராது. கறுப்பு வெள்ளையாக மாற்றினாலும் நிறம் போய்விடும், மூலைகளின் இருட்டு மட்டும் மிஞ்சும்.