நிலாவரையும் மந்திரி மனையும் ஒரே காலையில்

யாழ்ப்பாண நகரிலிருந்து இரண்டுக்கும் பருத்தித்துறை வீதிதான் வழி. நல்லூர் மந்திரி மனை என்ற பழைய மாளிகை வீதியோரத்திலேயே நிற்கிறது. நிலாவரைக் கிணற்றுக்கு அதே வீதியால் புத்தூர்ச் சந்தி வரை போய், சுன்னாகம் வீதியில் மேற்கே திரும்ப வேண்டும். தூரத்தில் இருக்கிற கிணற்றை முதலில் முடித்துக்கொண்டு திரும்புங்கள். பஸ்ஸென்றால் "புத்தூரால போகுமோ?" என்று கேட்டு ஏறி, சந்தியில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். வெயில் ஏற முதல் போய்ச் சேர்வது நல்லது.

நிலாவரை ஆள் வைத்துத் தோண்டின கிணறு இல்லை. மழைத்தண்ணீர் வெடிப்புகளால் இறங்கி, சுண்ணாம்புக்கல்லை மெல்ல மெல்லக் கரைத்துக் குகையாக்க, கூரை இடிந்து விழுந்த பள்ளம் அது. வருகிறவர்கள் தண்ணீரையே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பார்க்க வேண்டியது தண்ணீருக்கு மேலே தெரிகிற கற்சுவர். கரைந்த பொந்துகளைக் கவனியுங்கள். ஆறில்லாத குடாநாட்டுக்குத் தண்ணீர் தருவது இப்படித் துளைபட்ட கல்தான். மேலே நல்ல தண்ணீர், கீழே போகப் போக உவர், அடியில் உப்பு. பாரம் குறைந்த நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். தோட்டக் கிணறுகள் உவராவதற்கும் இது ஒரு காரணம். இராமர் அம்பு விட்ட கதையையும் அங்கே யாராவது சொல்லுவார்கள், கேட்டுவிட்டு வாருங்கள்.

குளிக்க இறங்க வேண்டாம். கரை செங்குத்து, ஆழமும் அதிகம். பாசி பிடித்த கல்லில் செருப்பு வழுக்கும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

மந்திரி மனைக்கு அரை மணித்தியாலம் போதும். யாழ்ப்பாண அரசனின் மந்திரி இருந்த மனை என்பார்கள். ஆனால் அந்த இராச்சியம் 1619இல் வீழ்ந்தது. இப்போது நிற்கிற கட்டடம் அதற்குப் பிந்தியது. முகப்பு வளைவுகளில் ஐரோப்பியச் சாயல், மரவேலையில் நம்மூர்த் தச்சர் கை. அந்த மரச்செதுக்கலைக் கிட்டப் பார்க்க ஆசை வரும். ஆனால் கட்டடம் பலமிழந்திருக்கிறது: சுண்ணாம்புச் சாந்துச் சுவர் மழையில் ஊறினால் பாரம் கூடிப் பிடிப்பு விடும். ஐப்பசி, கார்த்திகையில் சுவரோரம் ஒதுங்கவே கூடாது. மற்ற நாளிலும் உள்ளே போகாமல் வெளியில் நின்று கமராவில் கிட்ட இழுத்துப் பாருங்கள்.

நேரமிருந்தால் நடைதூரத்தில், யாழ்ப்பாண அரசன் சங்கிலியனின் பெயரால் வழங்கும் சங்கிலியன் தோப்பு வளைவும், 'ப' வடிவில் வெட்டின யமுனா ஏரியும் இருக்கின்றன. நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கோயிலைச் சுற்றி வாகனம் விடமாட்டார்கள். அந்த நாட்களில் ஓட்டோக்காரரிடம் மாற்றுவழியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.