வீட்டு கீபோர்டு வேறு, மேடை கீபோர்டு வேறு: வாங்கும்போது செய்யும் தவறுகள்

ராயபுரத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் மகளுக்கு கீபோர்டு வாங்கி வந்தார். கச்சேரிப் பையன்கள் வைத்திருக்கிற அதே மாடல். பிளக்கைச் செருகி கட்டையை அழுத்தினால் சத்தமே இல்லை. கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பியவரை நிறுத்தி, "அண்ணே, இதுல ஸ்பீக்கரே கிடையாது" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 மாதிரியானவை மேடைக்கென்றே செய்தவை. சத்தத்துக்கு அங்கே சவுண்ட் சர்வீஸ் இருக்கிறது. பைக்கில் தூக்கிப் போக லேசாக இருந்தால் போதும். குழந்தை வீட்டில் பழக, ஸ்பீக்கரோடு வருகிற யமஹா பிஎஸ்ஆர் வரிசையே நல்லது.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். ஆடி மாதத்து கோயில் கச்சேரிக்கு வீட்டு கீபோர்டோடு போவது. அதில் பெரும்பாலும் ஹெட்போன் துளை மட்டும்தான் இருக்கும். அது ஸ்டீரியோ, அதாவது இடது, வலது என்று இரண்டு சத்தம். அந்த ஒயரை அப்படியே மிக்ஸரின் ஒரு சேனலில் குத்தினால், மிக்ஸர் அதை பேலன்ஸ்டு லைன் (ஒரே சத்தத்தை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் அனுப்புவது) என்று எடுத்துக்கொண்டு இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். இரண்டிலும் சமமாக இருக்கிற சத்தம் காணாமல் போய், எதிரொலி மட்டும் ஈனமாகக் கேட்கும். திட்டு வாங்குவது என்னவோ சவுண்ட்காரர்தான். ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரிக்கிற ஒய் கேபிள் ஒன்று பையில் இருந்தால் இந்த வம்பே இல்லை.

அப்புறம், பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில் மயங்குவது. யமஹா பிஎஸ்ஆர்-இ373-இல் 622 டோன், அதாவது வாத்திய ஒலிகள், உண்டு. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்க சுகம்தான். பல்லவி முடிந்து புல்லாங்குழலிலிருந்து வயலினுக்குத் தாவும்போது எண்ணைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. மேடைக்காரருக்கு வேண்டியது பத்தே டோன், ஒரே அழுத்தலில். கடையில் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கீபோர்டே வாசிக்கிற தாளமான ரிதம் ஸ்டைல் எத்தனை என்பதையும் அவர் பார்க்க வேண்டாம். பக்கத்திலேயே ரிதம் பேட்காரர் இருக்கிறார்.

விலைக்காக டச் (அழுத்தும் வேகத்துக்கேற்ப சத்தம் கூடிக் குறையும் வசதி) இல்லாததை எடுப்பதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். டச் உள்ள கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுமுனைகள். முதலாவது தொட்டு இரண்டாவது தொடுவதற்குள் ஆகும் நேரத்தை வைத்தே, மெல்லத் தொட்டீர்களா ஓங்கி அடித்தீர்களா என்று அது கண்டுபிடிக்கிறது. இது இல்லாத கீபோர்டில் பழகுகிற பிள்ளை, எப்படி அடித்தாலும் ஒரே சத்தம் என்று விரலுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். பிறகு பியானோ முன்னால் உட்காரும்போது தவிப்புதான்.

அதே தொடுமுனைகளில் தூசி, உப்புக்காற்று ஈரம் படிந்தால் சில கட்டைகள் திடீரென்று அலறும், சில ஊமையாகும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே கீபோர்டை வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் பழைய வேட்டியால் மூடினால் சரி.