கோடோவுக்கு மாறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 செப்டம்பரில், கணினி விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருளான யூனிட்டியின் நிறுவனம், விளையாட்டு நிறுவப்படும் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தபோது பலர் அதே வேலைக்கான திறந்த மூல மென்பொருளான கோடோ பக்கம் வந்தார்கள். அடுத்த ஆண்டே அந்தக் கட்டணம் கைவிடப்பட்டது. ஆனாலும் புதியவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். நான் தடுக்கி விழுந்த அதே இடங்களில் அவர்களும் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை, விட்டுப்போன அடைப்புக்குறி எல்லாம் எடிட்டரே காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எக்ஸ்போர்ட்டைக் கடைசிக்குத் தள்ளுவது

அண்மையில் ஒரு கல்லூரி மாணவர் தன் புதிர் விளையாட்டைக் காட்டினார். அழகாக வந்திருந்தது. யூனிட்டியில் பழகிய கை என்பதால் முழுவதையும் சி ஷார்ப் நிரல்மொழியில் எழுதியிருந்தார். நண்பர்கள் பிரௌசரில் திறந்து விளையாட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கோடோ 4-இல் சி ஷார்ப்பில் எழுதியதை இணையத்துக்கு எக்ஸ்போர்ட் செய்ய (அங்கே ஓடும் வடிவில் வெளியிட) அதிகாரபூர்வ வழி கிடையாது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. இனி எல்லாவற்றையும் கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டில் திரும்ப எழுத வேண்டும்.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். கோடோவின் ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் பயிற்சி வீடியோக்களில் எக்ஸ்போர்ட் என்பது கடைசிப் பாகம். அதுவரை யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

முதல் நாளே ஒரு பொத்தான் மட்டும் உள்ள காட்சியைச் செய்து, விளையாட்டு எங்கே ஓட வேண்டுமோ அங்கே ஓட்டிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு என்றால் ஜேடிகே (ஜாவா நிரலாக்கக் கருவிகள்), ஆண்ட்ராய்டு எஸ்டிகே (ஆண்ட்ராய்டு நிரலாக்கக் கருவிகள்), எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட், கையொப்பச் சாவி எல்லாம் வேண்டும். ஐபோன் என்றால் மேக் கணினியும் ஆப்பிளின் எக்ஸ்கோட் மென்பொருளும் இல்லாமல் நடக்காது. பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் போன்ற விளையாட்டு கன்சோல்களின் நிரலாக்கக் கருவிகள் ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை. திறந்த மூல நிரலில் அவற்றைச் சேர்க்க முடியாது என்பதால் வேறு நிறுவனங்களின் உதவியை நாட வேண்டியிருக்கும். இவற்றில் எது தடையாக நின்றாலும், இழப்பது ஒரு மாலைப்பொழுதுதான்.

பழைய பாடத்தைப் பார்த்து எழுதுவது

கோடோ 3-க்கான நிரல் 4-இல் அப்படியே ஓடாது. ‘யீல்ட்’ போய் ‘அவெயிட்’ வந்துவிட்டது. ‘கைனமேட்டிக்பாடி2டி’ இப்போது ‘கேரக்டர்பாடி2டி’. வீடியோவின் பதிப்பு எண்ணை முதலில் பாருங்கள்.

ரெண்டரரைக் கவனிக்காமல் விடுவது

ரெண்டரர் என்பது காட்சியைத் திரையில் வரையும் பகுதி. பழைய மடிக்கணினியோ இணைய விளையாட்டோ, ‘கம்பாட்டிபிலிட்டி’ என்ற ரெண்டரரைத் தேர்ந்தெடுங்கள்.

பாதி வேலையில் கோடோவின் பதிப்பை மாற்றுவது

வேண்டாம். தவிர்க்கவே முடியாது என்றால், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் கமிட் செய்த (அதுவரையிலான வேலையைப் பதிந்த) பிறகு மாற்றுங்கள்.