1950களின் டர்பனில் ஒரு விடலைக் காதல் பாட்டுப்படம்: எடுக்கும் முறை

விடலைப் பருவக் காதல், அதற்குக் குறுக்கே ஒரு தடை, ஊடே நாலு பாட்டு, நிறையச் சிரிப்பு. இந்த வகைப் படத்துக்கு 1950களின் தென்னாப்பிரிக்க நகரமான டர்பனைப் போல வாகான களம் கிடைப்பது அரிது. சின்னக் குழு, 25 நிமிடக் குறும்படம், கையில் ஒரே கேமரா என்று வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதல் வேலை, தடை எது என்று முடிவு செய்வது. கதை எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குகிற இடமும் இதுதான். 1949இல் வந்த கலப்பு மணத் தடைச் சட்டமும், 1950இல் திருத்தப்பட்ட ஒழுக்கக்கேடு தடைச் சட்டமும் வெள்ளையருக்கும் மற்றவர்களுக்கும் நடுவே சுவர் எழுப்பியவை. 1985இல்தான் அவை விலக்கப்பட்டன. தமிழ்ப் பெண்ணும் 'கலர்ட்' (கலப்பினத்தவர்) என்று அரசு வகைப்படுத்திய குடும்பத்துப் பையனும் காதலித்தால் இந்த இரண்டு சட்டங்களும் குறுக்கே வராது. குறுக்கே வந்தது வீடு. அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா. ஆகவே போலீஸ்காரர் வந்து அவர்களைப் பிரிப்பதாக எழுதாதீர்கள். காதலன் வெள்ளைக்காரப் பையன் என்றால் சிறைத் தண்டனை நிழலாக நிற்கும். அந்தக் கதையையும் எடுக்கலாம், ஆனால் அதில் சிரிப்பு வராது, வரவும் கூடாது. நகைச்சுவை வேண்டுமென்றால் தடையை வீட்டுக்குள் வையுங்கள். எந்த இனத்தவர் எந்தப் பேட்டையில் குடியிருக்கலாம் என்று கட்டளையிட்ட 1950ஆம் ஆண்டுக் குழுப் பகுதிச் சட்டத்தைப் பின்னணியில் வையுங்கள். "கல்யாணம் பண்ணிக்கலாம் சரி, எங்கே குடியிருப்பீங்க?" என்று தாத்தா ஒரு முறை கேட்டால் போதும், படம் பார்ப்பவர்களுக்கு எல்லாம் புரிந்துவிடும்.

இடம் என்று பார்த்தால் மேகசின் பாரக்ஸ். நகராட்சித் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் தமிழர்கள், நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பு அது. 1960களில் அவர்கள், இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வர்த்துக்கு மாற்றப்பட்டார்கள். பழைய கட்டடங்களைத் தேடி அலைய வேண்டாம். ஒரு நீளச் சுவர், ஒரு பொதுக் குழாய், துணிக்கொடி இருந்தால் போதும். எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் இரண்டு பேர் ஒளிந்து பேச முயல்வதுதான் உங்கள் நகைச்சுவை.

காலப் பிழைகளை முன்கூட்டியே களையுங்கள். தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1976 ஜனவரி 5 அன்றுதான் முறையாகத் தொடங்கியது. ஆகவே கூடத்தில் வானொலிப் பெட்டிதான் இருக்க வேண்டும். ராண்ட் நாணயம் வந்தது 1961 பிப்ரவரி 14. அதற்கு முன் பவுண்டும் ஷில்லிங்கும். இன்று டாக்டர் யூசுஃப் தாதூ தெரு என்று பெயர்ப்பலகை தொங்கும் இடத்தை வசனத்தில் கிரே ஸ்ட்ரீட் என்றே சொல்ல வேண்டும், பலகை ஃபிரேமில் விழக் கூடாது.

கலகக்காரப் பையனின் தலைமுடிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். அந்தக் காலத்தில் அடங்காத வெள்ளைப் பையன்களுக்கு 'டக்டெயில்' என்றே பெயர். பின்னந்தலை முடி வாத்து வால் மாதிரி இருந்ததால். இதற்குப் பக்கவாட்டு முடி ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வளர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் பின்னால் வந்து சேராது. முடியை லேசாக ஈரமாக்கி, விரல் நுனி அளவு பொமேடை (முடியைப் படிய வைக்கும் பசை) உள்ளங்கையில் தேய்த்துத் தடவுங்கள். இரு பக்கமும் பின்னோக்கிச் சீவி, சீப்பின் ஓரப் பல்லால் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுங்கள். டர்பனின் புழுக்கத்தில் இரண்டு மணி நேரத்தில் தளர்ந்துவிடும். அதனால் தலை தெரியும் குளோஸப்புகளைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

இனி பாட்டு. 25 நிமிடப் படத்துக்கு நாலு பாட்டு, ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடத்துக்குள். பாட்டு தொடங்கும்போது இருந்த நிலைமை முடியும்போது மாறியிருக்க வேண்டும்; மாறவில்லை என்றால் அந்தப் பாட்டை வெட்டிவிடுங்கள். இசைக்கு அந்தக் காலத்துத் தென்னாப்பிரிக்கத் தெரு இசையான க்வேலாவின் தகர ஊதலையும் நம் தவிலையும் சேர்த்துப் பாருங்கள், அற்புதமாக ஒட்டும். ஒரே சிக்கல், ஊதலின் சுருதியை மாற்ற முடியாது. ஆகவே கதாநாயகியின் குரலுக்கு ஏற்ற ஊதலை வாங்கிய பிறகே மெட்டுப் போடுங்கள். தவிலை மற்ற வாத்தியங்களோடு ஒரே அறையில் பதிந்தால் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், தனியாகப் பதியுங்கள்.

நம் பிள்ளைகள் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுகிறார்கள். அந்த எழுத்தில் ழ, ள, ல மூன்றும் ஒன்றாகிவிடும். 'கிளியே' என்று உருக வேண்டிய இடத்தில் 'கிழியே' என்று விழுந்தால் காதல் கந்தலாகிவிடும். பாட்டு எழுதியவரே ஒவ்வொரு வரியையும் மெதுவாகப் பேசிப் பதிந்து கொடுக்க வேண்டும். பாடுகிறவர் ஒரு வாரமாவது அதைக் கேட்டுப் பழகட்டும்.

நடனத்தை எட்டு எட்டாக எண்ணித் திட்டமிடுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஓர் எட்டுக்கு 4 வினாடி. 2 நிமிடம் 24 வினாடிப் பாட்டுக்கு 36 எட்டுகள். புதியவர்களுக்கு ஒரு மாலையில் நாலைந்து எட்டுகள் மனத்தில் நின்றாலே பெரிது. ஆக, ஒரு பாட்டுக்கு எட்டு ஒன்பது ஒத்திகை வேண்டும். அடவுகளைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இங்கே 'சிக்ஸ் ஃபூட் டான்ஸ்' என்று அழைக்கப்படும் நம் தெருக்கூத்தில் வேண்டிய அளவு இருக்கிறது. தெரிந்த பெரியவர்களைக் கேட்டு, மரியாதையோடு கற்றுக்கொள்ளுங்கள்.

படப்பிடிப்பில் நடிகர்கள் வெறும் உதட்டை அசைக்கக் கூடாது. முன்பே பதிந்த பாட்டு ஒலிபெருக்கியில் ஓடும்போது வாய்விட்டு, முழுக் குரலில் பாட வேண்டும். குளோஸப்பில் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: வரி தொடங்கும் முன் மூச்சிழுக்கும்போது கழுத்தெலும்புக்கு மேலே உள்ள குழி அமுங்கும், உச்சஸ்தாயியில் தொண்டை நரம்பு புடைக்கும். வாயை மட்டும் அசைத்தால் இவை எதுவும் நடக்காது, முகம் பொம்மை மாதிரி இருக்கும். சுருதி தப்பினால் பரவாயில்லை, அந்த ஒலியை எப்படியும் நீக்கப் போகிறீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் நாலு தட்டு எண்ணிக்கையைப் பாட்டுக் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஒலிபெருக்கி நடிகர்களின் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் தள்ளி வைத்தால் 0.05 வினாடி தாமதம். வினாடிக்கு 25 ஃபிரேமில் எடுக்கும்போது ஒரு ஃபிரேம் என்பது 0.04 வினாடி. கேமரா தூரத்தில் இருக்கும் ஷாட்டுக்கும் இதே கணக்குதான். கேமரா மைக் பதிந்த ஒலியை நம்பி எடிட்டிங்கில் பொருத்தினால் வாயசைப்பு ஒரு ஃபிரேமுக்கு மேல் தப்பும். நடிகர்களின் காலடியில் கிளாப் அடித்து, பலகை மூடும் ஃபிரேமைக் கண்ணால் பார்த்துப் பொருத்துங்கள்.

இங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆகவே 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வினாடி. 24 ஃபிரேமில் 1/48 வைத்தால் கடைகளின் குழல்விளக்குகள் துடிக்கலாம். லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) அறிவித்திருக்கும் நாட்களில் பேட்டரியில் எரியும் எல்ஈடி விளக்குகளோடு போங்கள்.

இந்தியாவில் எழுதிய ஒளிப்பதிவுக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் ஏமாந்துபோவீர்கள். டர்பனில் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும். முதுகை வடக்குக்குக் காட்டி நிறுத்தினால் முடியோரம் ஒளிரும்; எதிரே ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பிடித்தால் முகத்துக்கும் வெளிச்சம் வந்துவிடும். ஜூன், ஜூலைதான் நல்ல மாதங்கள்: மழை குறைவு, பள்ளி விடுமுறையும் அப்போது வரும். ஆனால் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். நவம்பர் முதல் மார்ச் வரை பிற்பகல் இடிமழை ஒத்திகையையே கலைத்துவிடும்.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொது இடத்தில் எடுக்க டர்பன் ஃபிலிம் ஆபீஸை அணுகுங்கள். 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நடித்தால் தொழிலாளர் துறையின் அனுமதி தேவை. காதலர்களாக 18 நிரம்பியவர்களையே போடுவது நல்லது. கோயில் வளாகம் என்றால் நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். அருள் வந்து ஆடுவதைச் சிரிப்புக்குப் பயன்படுத்த வேண்டாம். பழைய சினிமாப் பாட்டு எதையும் உரிமை வாங்காமல் சேர்க்காதீர்கள்.

எடிட்டிங்கில் வாயசைப்பைச் சரிபார்க்க 'ம'வும் 'ப'வும் வரும் சொற்களைத் தேடுங்கள். அந்த எழுத்துகளுக்கு இரண்டு உதடும் மூடியே ஆக வேண்டும். மூடும் ஃபிரேமில் நிறுத்தி, ஒலி அங்கே விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் ஷாட்டை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து வரியின் கடைசியில் மட்டும் தப்பினால் நடிகர் தாளத்தை விட்டுவிட்டார் என்று பொருள். அந்த இடத்தில் குழாயடிப் பெண்களின் முகத்துக்குக் கட் பண்ணிவிடுங்கள்.